தம் அடித்தால்தான் படிப்பு ஓடுகிறது என்பது உண்மையா?

தண்டையார்பேட்டையிலிருந்து 22 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் இரவு ஷிஃப்ட், பகலில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பு, நாளைக்கு எட்டுப் பத்து சிகரெட். "தம் அடிச்சாதான் மனசு ஒரு இடத்துல நிக்குது. ரெண்டு நாள் விட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம்கூட ஓடல. சிகரெட் கவனத்தைக் கெடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு நேர்மாறா இருக்கே?" என்கிறார். கவனம் கூடுகிறதா குறைகிறதா என்பதோடு இந்தக் கேள்வி முடியவில்லை. சிகரெட்டை விட்டால் தேர்வும் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் இதன் அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். புகை நிறுத்த ஆலோசனை என் தொழில் என்பதால் மருந்து, அளவு, நாள் கணக்கு எல்லாம் கொஞ்சம் விரிவாகவே வரும்.

முதலில், உங்கள் அனுபவம் பொய் இல்லை. புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற இயற்கை வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. விழிப்பையும் கவனத்தையும் நடத்துவதில் இந்த ஏற்பிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே இதமான உணர்வைத் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளும் சுரக்கிறது. அதனால் அந்தச் சில நிமிடங்களில் தலை தெளிந்த மாதிரி இருப்பது கற்பனை அல்ல. புகைக்காதவர்களுக்கும், ஏக்கம் இல்லாத நிலையில் இருந்த புகைப்பவர்களுக்கும் நிகோடின் கொடுத்துச் சோதித்த 41 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய கட்டுரை 2010ல் வந்தது. விழிப்பாக இருந்து சட்டென்று எதிர்வினை காட்டுவது, கைவிரல் வேகம், குறுகிய கால நினைவு ஆகியவற்றில் சிறிய முன்னேற்றம் இருப்பதை அது உறுதி செய்தது. இதை மறைத்துவிட்டு "எல்லாம் மாயை" என்று சொல்லும் அறிவுரையை இளைஞர்கள் நம்பாததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் நீங்கள் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். தம் அடித்த பிறகு இருக்கும் கவனத்தை, அடிப்பதற்கு முன்னால் இருந்த கவனத்தோடு ஒப்பிடுகிறீர்கள். அந்த "முன்னால்" உங்கள் இயல்பு நிலை கிடையாது. ரத்தத்தில் நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிறது, 4 மணி நேரத்தில் கால்வாசி ஆகிறது. தினமும் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். நிகோடின் இறங்க இறங்க அவை காலியாகி, எரிச்சல், நிலைகொள்ளாமை, படித்ததையே திரும்பப் படிப்பது என்று தொந்தரவு ஆரம்பிக்கிறது. கவனம் செலுத்த முடியாமை, நிகோடின் ஏக்கத்துக்கு மருத்துவம் வகுத்திருக்கும் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கிறது. அடுத்த சிகரெட் அந்தத் தொந்தரவை நீக்குகிறது, நமக்கு அது கவனம் கூடிய மாதிரி தெரிகிறது. நம் பக்கத்தில் தண்டல் வாங்கிக் கடை நடத்துகிறவர் கதைதான் இது: காலையில் கைக்கு வரும் பணம் நிஜம், ஆனால் சாயங்காலம் வசூலுக்கு ஆள் வருவதற்குக் காரணமும் அதே பணம்தான்.

இதைத் தேர்வு அறையில் பொருத்திப் பாருங்கள். குரூப் 4ல் 200 கேள்வி, 3 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 விநாடி. முன்னதாகவே உள்ளே போய் உட்கார வேண்டும் என்பதால், வாசலில் அடித்த கடைசி சிகரெட்டுக்கும் விடைத்தாளைக் கொடுப்பதற்கும் இடையில் சுலபமாக 4 மணி நேரம் ஆகிவிடும். கணக்கும் பொது அறிவும் கலந்து வரும் கடைசி ஐம்பது கேள்விகளில் நீங்கள் இருக்கும்போது, நிகோடின் கால்வாசிக்கு இறங்கியிருக்கும். வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாடிக்குப் போய்வந்து படிக்கிறவருக்கு இந்த இறக்கம் தெரியவே தெரியாது. மாதிரித் தேர்வில் முதல் பாதி நன்றாகவும் பின்பாதி மோசமாகவும் வருகிறது என்றால், பாடத்தைக் குறை சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

நீண்ட காலப் பாதிப்பு பற்றி உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் தீராததையும் பிரித்தே சொல்ல வேண்டும். திட்டமிடுவதையும், மனத்தை அடக்கி ஒரு வேலையில் நிறுத்துவதையும் கவனிக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது, இதில் சந்தேகமில்லை. பருவ வயது எலிகளுக்கு நிகோடின் கொடுத்த சோதனைகளில், அவை வளர்ந்த பிறகும் கவனக் குறைவும் அவசரப்புத்தியும் தங்கியிருந்தன, இதுவும் உறுதி. மனிதர்களிடம் வரும்போதுதான் சிக்கல். இஸ்ரேல் ராணுவத்தில் சேர வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட 18 வயது இளைஞர்களை வைத்து 2010ல் வெளியான ஆய்வில், புகைப்பவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 94, புகைக்காதவர்களுடையது 101. ஒரு பாக்கெட்டுக்கு மேல் ஊதியவர்களுக்கு 90. இதைக் காட்டி "சிகரெட் மூளையை மழுக்கிவிடும்" என்று முடிவு கட்டினால் அது அவசரம். ஏற்கெனவே கவனம் சிதறும் தன்மை உள்ளவர்கள், பள்ளியில் தடுமாறியவர்கள்தான் சிகரெட்டை அதிகம் எடுக்கிறார்கள் என்பதற்கும் வலுவான சான்று இருக்கிறது. எது காரணம், எது விளைவு என்று அந்த எண்கள் மட்டும் சொல்லிவிடாது. என் கணிப்பு: 15, 16 வயதில் ஆரம்பித்தவர்களுக்குக் கவலைப்பட அதிக நியாயம் இருக்கிறது, 20க்கு மேல் ஆரம்பித்தவருக்கு அந்த அளவு இல்லை. உங்கள் கேள்வியில் ஆரம்பித்த வயது இல்லை. எதுவாக இருந்தாலும் நல்ல செய்தி ஒன்று உண்டு. மூளைப் படங்களில், கூடிப்போன அந்த ஏற்பிகள் புகையை விட்ட 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவர் அளவுக்கு இறங்கிவிடுகின்றன.

உங்கள் விஷயத்தில் சிகரெட்டோடு சேர்ந்து கவனத்தைத் தின்னும் இன்னொன்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. இரவு ஷிஃப்ட். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருக்குச் சமமாக இறங்குவதை 1997லேயே அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். ஷிஃப்ட் முடிந்து காலையில் ஒரு டீயும் ஒரு தம்மும் போட்டுவிட்டுப் படுத்தால், அந்த நிகோடின் தூக்கம் பிடிப்பதைத் தள்ளிப்போடும், பிடித்த தூக்கத்தையும் துண்டு துண்டாக்கும். படுப்பதற்கு முந்தைய 2 மணி நேரம் சிகரெட் இல்லாமல் இருந்தாலே, வேறு எதையும் மாற்றாமல், தூக்கத்தில் வித்தியாசம் தெரியும். புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்கிறது, பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். பீடி சின்னதாக இருக்கிறதே, புகையிலையும் குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் நிகோடினும் மோனாக்சைடும் குறைவாக வருவதில்லை. உதட்டுக்குள் வைக்கும் பொட்டலத்திலும் இருப்பது இதே நிகோடின்தான். கஞ்சா கலந்து இழுக்கும் பழக்கம் இருந்தால் கணக்கே வேறு. அதன் மந்தம் நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் நிற்கும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை, நீங்களே அளந்து பார்க்கலாம். டீக்கடையில் கிடக்கும் பழைய தமிழ் நாளிதழ், ஒரு பேனா, போனில் டைமர் போதும். தலையங்கம் மாதிரி நெருக்கமாக அச்சான பத்தியை எடுத்து, 5 நிமிடத்தில் வரிசையாக வாசித்துக்கொண்டே புள்ளி வைத்த ‘ன்’ எழுத்தை மட்டும் அடித்துக்கொண்டு போங்கள். ‘ண்’, ‘ந்’ இரண்டையும் தொடக் கூடாது, பின்னால் திரும்பிப் போகவும் கூடாது. முடிந்ததும் எத்தனை வரி ஓடியது, எத்தனை விட்டுப்போனது, எத்தனை தவறாக அடிபட்டது என்று மூன்று எண்ணை எழுதி வையுங்கள். சரிபார்ப்பதை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுப்பது நல்லது, தன் தப்பு தன் கண்ணில் படாது. முதல் மூன்று தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் வரும் முன்னேற்றம் வெறும் பழக்கம். ஒரே பக்கத்தைத் திரும்ப எடுத்தாலும், ஷிஃப்ட் முடிந்த களைப்பில் ஒரு நாளும் தூங்கி எழுந்து ஒரு நாளும் செய்தாலும் எண்கள் பொய் சொல்லும். நன்றாகத் தூங்கிய நாளில், சிகரெட் அடித்த 10 நிமிடத்துக்குள் ஒன்று, 3 மணி நேரம் அடிக்காமல் இருந்து ஒன்று. விட்டுப்போன எழுத்துகள் இரண்டாவதில் கூடியிருந்தால் அது ஏக்கத்தின் விலை. புகையை விட்டு ஐந்தாவது வாரத்தில் திரும்பச் செய்து, அந்த எண்ணை இந்த இரண்டோடும் ஒப்பிட வேண்டும். உங்கள் கேள்விக்கு உங்கள் மூளையே சொல்லும் பதில் அந்த ஐந்தாவது வார எண்தான்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் விட்டுப் பார்த்து "ஒரு பக்கம்கூட ஓடல" என்றீர்கள் அல்லவா, ஏக்கம் உச்சத்துக்குப் போவதே இரண்டாம் மூன்றாம் நாளில்தான். மலையேறுகிறவர் மிகச் செங்குத்தான இடத்திலேயே திரும்பிவிட்ட நிலை. முதல் வாரம் கஷ்டம், இரண்டாம் வாரம் ஒரு நாள் நன்றாக ஒரு நாள் மோசமாகப் போகும், நான்காம் வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குக் கவனம் பழைய நிலைக்கு வந்துவிடும். எனவே தேதிதான் முக்கியம். தேர்வுக்கு ஆறு வாரமாவது இருந்தால் இப்போதே நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். தேர்வு அடுத்த பத்து நாளில் என்றால் ஒரேயடியாக நிறுத்தி, அந்தப் பள்ளத்தைத் தேர்வு நாளில் கொண்டுபோய் வைக்காதீர்கள். புகையை விட்டு நிகோடினை மட்டும் தோலில் ஒட்டும் பேட்ச் வழியாகக் கொடுத்து, தேர்வுக்குப் பிறகு அதையும் குறைத்துக்கொண்டு வரலாம்.

அதற்கு முன் ஒரு வேலை: உண்மையான எண்ணிக்கை. சில்லறையாக வாங்குகிறவருக்குக் கணக்கு நிற்பதில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் தேங்காய்நார்க் கயிற்றின் கங்கில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம், பாக்கெட் கைக்கு வருவதே இல்லை. போனில் பணம் அனுப்பும் பழக்கம் இருந்தால் கடந்த வாரக் கணக்கைத் திறந்து பாருங்கள், எத்தனை மணிக்கு எந்தக் கடையில் என்று வரிசையாக இருக்கும். எட்டு என்று நினைத்தது பதின்மூன்றாக இருப்பது சாதாரணம். தூங்கி எழுந்து முதல் சிகரெட் எத்தனை நிமிடத்தில் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் அடிமைத்தனம் அதிகம், மருந்தின் அளவும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

நிகோடின் கம் மருந்துக்கடையில் கிடைக்கும். முதல் சிகரெட் அரை மணிக்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம், அதற்கு முன் என்றால் 4. "கம் வேலைக்கு ஆகல" என்று சொல்கிறவர்களில் பலர் அதைச் சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கியவர்கள். அப்படிச் செய்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெதுவாகச் சில தரம் மெல்ல வேண்டும், மிளகு கடித்த மாதிரி சுள்ளென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தக் காரம் போனதும் திரும்ப நாலு மெல்லு, மறுபக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, காபி, கூல் டிரிங்க்ஸ் எதுவும் கூடாது. வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோடின் உறிஞ்சாது. நம் ஆட்கள் டீயையும் கம்மையும் சேர்த்தே போடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஏக்கம் வந்த பிறகு தேடாமல் நேரப்படி போட வேண்டும். பேட்ச் என்றால் நாளைக்கு 10 அல்லது அதற்குக் குறைவாகப் புகைப்பவருக்கு 14 மில்லிகிராமில் ஆறு வாரம், பிறகு 7 மில்லிகிராமில் இரண்டு வாரம். அதற்கு மேல் புகைப்பவர் 21ல் தொடங்குவார். எழுந்தவுடன் முடியில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டி, தினமும் இடம் மாற்ற வேண்டும். மெதுவாக ஏறும் என்பதால், தேர்வு நாளில் விடிகாலையிலேயே ஒட்டினால்தான் அறைக்குள் உதவும். கனவுகள் தொந்தரவு செய்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். பேட்ச்சோடு அவசரத்துக்குக் கம்மும் சேர்த்தால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட வெற்றி அதிகம். வேரனிக்ளின் மாத்திரை இன்னும் வலுவான வழி. நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுப்பது, சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, மருத்துவர் சீட்டில் மட்டும். நெஞ்சுவலி, இதய நோய் உள்ளவர்கள் இதில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இ-சிகரெட் 2019லிருந்து நம் நாட்டில் தடை, அதை நிறுத்தும் வழியாகச் சொல்ல மாட்டேன்.

டீ விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகையிலிருக்கும் தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பிலிருந்து காஃபீன் இரு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. புகையை விட்ட சில நாளில் அந்த வேகம் அடங்கிவிடும். அதே ஆறு டீயைக் குடித்துக்கொண்டிருந்தால் காஃபீன் உடம்பில் தேங்கி, படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். அதையும் ஏக்கம் என்று நினைத்துத் திரும்பச் சிகரெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நிறுத்தும் நாளிலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள். இதே நொதி வழியாகத்தான் இழுப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலினும், மனநலத்துக்குக் கொடுக்கும் ஒலான்சபின், க்ளோசபினும் வெளியேறுகின்றன. வீட்டில் இவற்றில் ஒன்றை எடுப்பவர் புகையை விடுவதாக இருந்தால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு தடவை எழும் ஏக்கம் பொதுவாக 3 முதல் 5 நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் வேகமாகப் பத்து நிமிடம் நடப்பது ஏக்கத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நடக்கும் தெருவில் மட்டும் உங்கள் வழக்கமான கடை இருக்கக் கூடாது. முதல் வாரத்தில் புதுப் பாடம் எடுக்காதீர்கள். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடை, பழைய வினாத்தாள் மட்டும். கணக்குப் பயிற்சிக்கு இந்த வாரம் ஒத்துவரும், நீண்ட வரலாற்றுப் பத்திகள் ஒத்துவராது. நடுவில் ஒன்று அடித்துவிட்டால் அதோடு எல்லாம் போனது என்று பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. எந்த நேரம், யாரோடு, என்ன நடந்தது என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த கம்மை நேரத்துக்குப் போடுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பாக்கெட்டில் அச்சிட்டே இருக்கிறது, சில்லறையாக வாங்குவதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

கடைசியாக, நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாத ஒன்று. நிறுத்தி ஆறு வாரம் ஆகியும், தூக்கம் சரியாக இருந்தும், அந்த ‘ன்’ சோதனையில் எண்கள் ஏறவில்லை என்றால் சிகரெட்டை மட்டும் குறை சொல்லக் கூடாது. சின்ன வயதிலிருந்தே வகுப்பில் உட்கார முடியாமை, பொருட்களைத் தொலைத்துக்கொண்டே இருப்பது, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது எல்லாம் இருந்திருந்தால் அது கவனக்குறைபாட்டுக் கோளாறாக இருக்கலாம். அந்தக் கோளாறு உள்ளவர்கள் தெரியாமலே நிகோடினை மருந்து மாதிரிப் பயன்படுத்துவது உண்டு. மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், அங்கே மனநலப் பிரிவில் காட்டலாம். போகும்போது பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துக்கொண்டு, சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துப் போங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன் எப்படி இருந்தீர்கள் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். நாளைக்கு எத்தனை சிகரெட், எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அது தெரியாமல் மருந்து எழுதினால் அளவு தப்பும்.